முந்திக்கொண்டு திட்டியவள்

பிள்ளையைத் திட்டுவதில் எங்கள் சின்னம்மாவை மிஞ்ச தீவில் நாங்கள் இருந்த ஜங்லிகாட்டில் ஆள் கிடையாது. நான் அங்கே குடித்தனம் போன முதல் வாரமே இது எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் குழாயடியில் பானையோடு நிற்கிறேன். முன்பின் தெரியாத ஒரு குள்ளமான பெண்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றாள். பெயர் என்ன, ஊர் எது என்று ஒன்றும் கேட்கவில்லை. "புதுசா வந்திருக்கியா தாயி? எங்க வீட்டுல ஒரு தடிமாடு இருக்கு. மலைச்சாமின்னு பேரு. எதாச்சும் வம்பு பண்ணுச்சுன்னா எங்கிட்ட வந்து சொல்லு. கண்டிப்பாப் பண்ணும்," என்றாள். நான் பதில் தேடுவதற்குள் என் பானை நிறைந்துவிட்டது. அவளே அதைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டுத் தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் தள்ளினாள். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் எப்போது பின்னால் போனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

தகரக் கூரை போட்ட மரவீடுகள் பத்து, ஒரே வரிசை. அதைத்தான் லைன் என்போம். தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் எல்லாம் கலந்து கிடந்த லைன். அத்தனை பேருக்கும் அவள் சின்னம்மாதான். அவள் புருஷன் மேஸ்திரி, பரமக்குடிப் பக்கத்திலிருந்து தச்சு வேலைக்காகத் தீவுக்கு வந்தவர். வந்த இரண்டாம் வருஷம் முதல் சம்சாரம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட, பத்து வயது மலைச்சாமியை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாமல் ஊருக்குக் கப்பலேறி இவளைக் கட்டிக்கொண்டு வந்தார். பையன் சின்னம்மா என்று கூப்பிட்டதைக் கேட்டு லைனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. மேஸ்திரியே ஒருநாள் ஞாபக மறதியில், "சின்னம்மா, சுண்ணாம்பு எங்க?" என்று கேட்டுவிட்டு முழித்ததாக ஒரு பேச்சு உண்டு. நான் நேரில் கேட்கவில்லை. ஆனால் நம்பினேன்.

நெற்றியில் பெரிய பொட்டு. மழைக்காலம் வெயில்காலம் பார்க்காமல் கையில் ஒரு குடை. இந்தியில் அவளுக்கு மூன்று சொற்கள் தெரியும்: அச்சா, நஹி, நிக்கம்மா. உதவாக்கரை என்பதற்குத் தீவு இந்தியில் நிக்கம்மா. இந்த மூன்றை வைத்துக்கொண்டே வங்காளியிடம் கத்தரிக்காய் பேரம் பேசுவாள், தெலுங்குக்காரி வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைப்பாள். மூன்றில் அதிகம் உழைத்தது நிக்கம்மாதான். அது முழுக்க மலைச்சாமிக்காக ஒதுக்கப்பட்ட சொல்.

சித்தி என்றால் ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும் அல்லவா? வந்த புதிதில் நானும் அப்படித்தான் பார்த்தேன். இருபத்திரண்டு வயதுப் பையன், மீசை வைத்த ஆள், அவனைத் தெருவில் நிற்கவைத்து எருமை, தடிமாடு என்கிறாளே, பெற்றவள் இருந்தால் இப்படிச் செய்வாளா என்று மனசுக்குள் உச்சுக்கொட்டினேன். ஒருநாள் தைரியம் வந்து கேட்டும்விட்டேன். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள். "சித்தி கொடுமைன்னு ஊரே சொல்லுது தாயி. அவங்க பேச்சுப் பொய்யாப் போயிறக் கூடாதுல்ல," என்றாள்.

அவள் திட்டுவதில் ஒரு முறை இருந்தது. அது எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று. மலைச்சாமிக்குக் குடி உண்டு. குடித்தால் கை நீளும், கால் உதைக்கும். ஒருநாள் ரம் உள்ளே போன வேகத்தில், லைனுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் மலையாளத்து முஸ்லிம் பெரியவரின் பெஞ்சை உடைத்தான். பிஸ்கட் பாட்டிலையும் உடைத்தான். மறுநாள் காலை காக்கா அடுப்புப் பற்றவைக்க வருகிறார். கடை வாசலில் சின்னம்மா நிற்கிறாள், கையில் ஒரு சுருள் கயிறு.

இவனைப் போலீசில் கொடுங்கள் காக்கா, கையையும் காலையும் கட்டிக் கொடுங்கள், கயிறு நானே கொண்டுவந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தாள். காக்கா கயிற்றைப் பார்த்தார். பாவம் மனுஷன், என்னென்ன கேட்கவேண்டும் என்று எல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு வந்திருப்பார். அதெல்லாம் எதற்கு, சின்னப் பையன்தானே என்றார். சின்னப் பையனா, இந்த எருமையா என்று அவள் குரலை ஏற்றினாள். நல்ல பையன்தான், சேர்க்கை சரியில்லை என்றார் காக்கா. இவள் விடவில்லை. அரைமணி நேரத்தில் காக்கா மலைச்சாமியின் நல்ல குணங்களாக ஏழெட்டு எடுத்துச் சொல்லியிருந்தார். சிலது அவருக்கே புதிது. கடைசியில் அவனே வந்து பெஞ்சைச் செய்து தரட்டும், தச்சன் மகன்தானே என்று முடிந்தது. சின்னம்மா ஒரு டீயும் குடித்து, சர்க்கரை குறைச்சல் என்று சொல்லிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இதுதான் அவள் முறை. திட்டுகிற வேலை முழுவதையும் அவளே செய்து முடித்துவிட்டால், மற்றவர்களுக்கு மிஞ்சுவது பரிந்து பேசுகிற வேலை மட்டும்தானே. என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. அவருக்கு எதையும் ஆபீஸ் பாஷையில் சொன்னால்தான் திருப்தி. எதிர்க்கட்சிக்கு வாதாடித் தன் கட்சியை ஜெயிக்கவைக்கிற ஒரே வக்கீல் சின்னம்மாதான் என்பார்.

எல்லாரிடமும் ஜெயித்தாள். என்னிடம் மட்டும் தோற்றாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தீவில் இருந்தவர்களுக்கு மெயின்லேண்ட் போகிற ஆள் என்றால் பாதித் தபால்காரர் மாதிரி. கப்பல் இரண்டு வாரத்துக்கு ஒன்று வரும், சிலசமயம் மூன்று வாரமும் ஆகும். லைனில் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் அத்தனை வீட்டிலிருந்தும் அவர் கையில் ஒரு பொட்டலம் போகும். திரும்பி வரும்போது நம் ஆட்கள் கொடுத்துவிடுகிற ஊறுகாய், சேலை, மருந்து, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் கையிலேயே வரும். மாட்டேன் என்று யாரும் சொன்னது கிடையாது, இன்றைக்கு அவர், நாளைக்கு நாம். பிரித்துப் பார்த்ததும் கிடையாது. கப்பல் வருகிற அன்று பாதி லைன் ஜெட்டியில், கப்பல் வந்து அணைகிற பாலத்தில், நிற்கும்.

இப்படி இருக்கும்போது எங்கள் அப்பா தவறிப்போனார். தந்தி வந்தது. தந்தி வந்த அன்று துறைமுகத்தில் கப்பல் இல்லை. அடுத்த கப்பல் பதினெட்டு நாள் கழித்துத்தான். நான் போய்ச் சேருவதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிடும். ஜெட்டிக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். அழுகை வரவில்லை. முகம் பார்க்காமல் எப்படி அழுவது?

எங்கள் ஊரும் பரமக்குடிப் பக்கம்தான். மூன்று மாதம் கழித்து மலைச்சாமி மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனான். அவன் திரும்பும்போது எங்கள் அம்மா அவன் கையில் ஒரு துணிப்பை கொடுத்துவிடுவதாகக் கடிதம் போட்டிருந்தாள். அப்பாவின் மூக்குக் கண்ணாடி, தோளில் போட்டிருந்த துண்டு, ஒரு சின்ன நோட்டு. என் கடிதம் வந்து சேர்ந்த ஒவ்வொரு தேதியையும் அப்பா அந்த நோட்டில் எழுதி வைத்திருந்தாராம். அவர் அப்படி எழுதுவார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மெட்ராசில் கப்பல் ஒரு வாரம் தள்ளிப்போனது. அங்கே அப்போது மதுவிலக்கு. வருஷக்கணக்காக அங்கேயே இருப்பவர்களுக்குத் தெரியாத கள்ளச்சாராயச் சந்து ஒன்றை நம்ம ஆள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகு லைனுக்கு வரவேண்டிய பொட்டலங்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. தெலுங்குக்காரி மகளுக்கு வந்த பட்டுப் பாவாடை, வங்காளத்து மாஸ்டருக்கு வந்த கம்பளி, காக்காவின் கைக்கடிகாரம். விலைபோகாத ஒன்று என்னுடையது. அதைத் தங்கியிருந்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்துவிட்டான்.

ஜெட்டியில் பாதி லைன் நிற்கிறது. மலைச்சாமி வெறுங்கையை வீசிக்கொண்டு இறங்குகிறான். கப்பலில் திருட்டுப் போய்விட்டது என்றான். மெட்ராசில் அவனோடு தங்கியிருந்து பின்னாலேயே இறங்கிய இன்னொரு ஆள் நடந்ததைச் சொல்லிவிட்டார். மேஸ்திரி அங்கேயே அவனை அறைந்தார். எனக்குப் பிள்ளையே இல்லை, இவன் என் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அவர் சொல்லை யாரும் தட்டமுடியாது. சின்னம்மாவும் தட்டவில்லை. வீட்டுக்குப் பின்னால் கூரையைச் சரித்து இறக்கிய ஒரு சமையல் சாய்ப்பு இருந்தது, அதில் அவனுக்குப் பாய் போட்டாள். மேஸ்திரி கேட்டதற்கு, சாய்ப்பு என் தம்பி இங்கே வந்திருந்தபோது அறுத்துக் கொடுத்த பலகையில் போட்டது, அது உங்கள் வீட்டில் சேராது என்றாளாம். மேஸ்திரி தச்சர். பலகைக் கணக்கில் அவரால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

மறுநாளே ஒவ்வொரு வீடாக ஏறினாள். அதே முறைதான், ஆனால் அன்றைக்கு அவள் குரலில் வேகம் அதிகம். தெலுங்குக்காரி அழுதுகொண்டே, போகட்டும் சின்னம்மா, பிள்ளையை அடிக்காதீர்கள் என்றாள். மாஸ்டர், வயசுக் கோளாறு என்றார். காக்கா, கடிகாரம் எனக்கு எதற்கு, கடை திறக்க விடியலே போதும் என்றாரே பார்க்கலாம்! கடைசியாக என் வீட்டுக்கு வந்தாள்.

"அவன்லாம் ஒரு மனுசனா தாயி?" என்றாள்.

"இல்ல சின்னம்மா," என்றேன்.

"அவனைத் தூக்கிக் கடல்ல போடணும்," என்றாள்.

"போடுங்க," என்றேன்.

அவளுக்கு இப்படி ஒரு ஆளைப் பார்த்துப் பழக்கம் இல்லை. குடையை விரித்து, வாசலிலேயே மடக்கி, மறுபடி விரித்துக்கொண்டு போனாள். அன்றைக்கு மழையே இல்லை.

இது இரண்டு வருஷம் நடந்தது. வாரம் ஒருமுறையாவது வருவாள். அவன் திருந்தமாட்டான் தாயி என்பாள். ஆமா சின்னம்மா என்பேன். சோத்துக்குக் கேடு என்பாள். ஆமா என்பேன். நாயைவிடக் கேவலம் என்பாள். நாய் காவல் காக்குமே சின்னம்மா என்பேன். சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு ருசி இருந்தது. நல்ல ருசி என்று சொல்லமாட்டேன். ஆனால் இருந்தது. அப்பாவுக்காக அழாத அழுகையை எல்லாம் நான் அந்த ஆமாவில்தான் போட்டுக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது கோபம் என்று மட்டும்தான் தெரிந்தது.

இதற்கு நடுவில் அவனைத் திருத்துகிற வேலையும் நடந்தது. வைத்தியம் ஒன்றுமில்லை. கூடவே இழுத்துக்கொண்டு அலைவதுதான் வைத்தியம். முதல் பத்து நாள் குடியில்லாமல் அவனுக்குக் கை உதறியது, வாந்தி எடுத்தான். கஞ்சியை ஊட்டிக்கொண்டே திட்டினாள். எழுந்து நடக்கிற தெம்பு வந்ததும் குழாயடிக்கு, கடைத்தெருவுக்கு, கோயிலுக்கு எங்கே போனாலும் அவன் கூடவே வரவேண்டும், குடை பிடிக்கவேண்டும். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவன் ஆறடி, இவள் அவன் நெஞ்சு உயரம்கூட இல்லை. அவன் குனிந்து குடை பிடிக்க, இவள் நிமிர்ந்து அவனைத் திட்டிக்கொண்டே ஜங்லிகாட் கடைத்தெருவில் ஊர்வலம் போவாள். அவனுடைய பழைய கூட்டாளிகள் குடையைக் கண்டாலே சந்துக்குள் நுழைந்துவிடுவார்கள். ஒருவன் தெரியாமல் எதிரே வந்து மாட்டிக்கொண்டான். அவனுக்கு அன்றைக்கு நிக்கம்மா பட்டம் சும்மா கிடைத்தது.

இரண்டு முறை சறுக்கினான். இரண்டு முறையும் அவள் முதல் வீட்டிலிருந்து மறுபடி திட்டிக்கொண்டே வந்தாள். மறுபடியும் முதல்லேர்ந்தா சின்னம்மா என்று காக்கா கதவைப் பாதி சாத்தினார்.

பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். பக்கத்துத் தீவான ஹேவ்லாக்குக்குப் போய்வருகிற மோட்டார் படகில் ஒரு தெலுங்கு சாரங்கு இருந்தார், படகு ஓட்டுகிற பெரியவர். அவர் முன்னால் மலைச்சாமியை நிறுத்தி, நிக்கம்மா என்று அவனைக் காட்டினாள். வேலை செய்வதுபோலக் கையை ஆட்டிக் காட்டினாள். அச்சா என்று தானே முடிவும் சொல்லிவிட்டாள். என் மகன் தங்கம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை எல்லாம் பார்த்துவிட்டேன், உதவாக்கரை என்று சொல்லிக்கொண்டு வந்த முதல் ஆள் நீதான் என்று சாரங்கு சிரித்தாராம். படகில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற வேலை கொடுத்தார். ஆறு மாதத்தில் அவன் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஹேவ்லாக்கிலிருந்து வரும்போது வங்காளிகள் விளைவிக்கிற பூசணிக்காய், பச்சை மிளகாய், சிலநாள் நல்ல மீன் என்று எதையாவது என் பின்வாசல் படியில் வைத்துவிட்டுப் போவான். கதவைத் தட்டமாட்டான். நான் அதை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவேன். என் வீட்டுக்காரருக்கு மீன் என்றால் உயிர். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வாசனை வரும்போது ரசத்தைப் பிசைந்துகொண்டே, கோபம் உனக்கும் அவனுக்கும், பட்டினி எனக்கா என்பார். நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றுவேன்.

இடையில் எனக்கு ஒரு பையன் பிறந்தான். ஒரு வயது முடிந்தது. முதல் முடி குலதெய்வம் கோயிலில் எடுக்கவேண்டும். போகமுடியாதவர்களுக்குத் தீவில் ஒரு வழக்கம் இருந்தது. இங்கேயே முடியெடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். வீட்டுப் பெரியவர்கள் அதைக் கோயிலில் செலுத்திவிடுவார்கள். அந்த முறை கப்பலில் வங்காளத்து மாஸ்டர் மெட்ராசுக்குப் போகிறார் என்று தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே அவரிடம் வாங்கிக்கொண்டு போய் அம்மாவிடம் சேர்ப்பதாக ஏற்பாடு. மஞ்சள் முடிச்சை மாஸ்டரிடம் கொடுத்தாயிற்று.

அதே கப்பலில் மலைச்சாமியும் போகிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதம் மெட்ராசில் இஞ்சின் வேலை பழகிவர சாரங்கு ஏற்பாடு செய்திருந்தார். மேஸ்திரி, போகிறவன் திரும்பி வரமாட்டான் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

கப்பலுக்கு முதல்நாள் சாயங்காலம் மாஸ்டர் வீட்டில் கூட்டம். காக்கா ஒரு பொட்டலம், தெலுங்குக்காரி ஒரு டப்பா, லைன் முழுக்க வரிசையில் நின்று கொடுத்தது. மேஸ்திரி வீட்டு வாசலில் மலைச்சாமியின் தகரப் பெட்டி தயாராக இருந்தது. அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. பெஞ்சுக்காகப் பரிந்து பேசியவர், வயசுக் கோளாறு என்றவர், அடிக்காதீர்கள் என்று அழுதவள், ஒருவரும் போகவில்லை. சின்னம்மா குழாயடியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்கு வந்தாள். குடை இல்லை. வெற்றிலை இல்லை. நான் ஆமா சொல்லத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை.

"நீ ஒருத்திதான் தாயி பொய் சொல்லல," என்றாள். "திட்டித் திட்டி லைனையே அவன் பக்கம் சேத்துட்டேன்னு நெனச்சேன். எல்லாம் வாயோட சரி. நாளைக்கு வெறுங்கையோட கப்பல் ஏறுறான். அவனை நம்பி யாரும் எதையும் குடுக்கலைன்னா அவன் எதுக்குத் திரும்பி வரணும்?"

நான் படியில் உட்கார்ந்தேன், அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ ஆமா ஆமான்னு சொன்னப்பல்லாம் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அவன் கெட்டவன் இல்ல தாயி. நான் சொன்னதுல ஒண்ணுகூட நெசமில்ல. அவன் கையில எதாச்சும் குடுத்துவிடு. ஒரு காகிதமா இருந்தாலும் சரி."

எங்கள் அப்பா கண்ணாடியை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று கேட்டேன். அவள் என் தலையில் கையை வைத்தாள். அப்பா போய் இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து, மலைச்சாமியின் சித்தி சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் அழுதேன். கூட அவளும் அழுதாள். ஆனால் சரி என்று நான் சொல்லவில்லை. அவளும் இரண்டாவது முறை கேட்காமல் எழுந்து போனாள்.

மறுநாள் ஜெட்டியில் மாஸ்டர் பொட்டலங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மலைச்சாமி தகரப் பெட்டியோடு தள்ளி நின்றான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். சின்னம்மா பக்கத்தில் நின்றாள். திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் வாய் மூடி நின்றதைப் பார்த்தால், அவன் போய்விட்டான் என்று அவளே முடிவு கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

நேரே மாஸ்டரிடம் போய், என் மஞ்சள் முடிச்சைக் கொடுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாம் அடியில் கட்டிவிட்டேன், இப்போது போய்க் கேட்கிறாயே என்று அத்தனை பொட்டலத்தையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். காக்காவின் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று ஜெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. கருவாடு. என் வீட்டுக்காரர், நீ செய்வது தெரிந்துதான் செய்கிறாயா என்று காதோரம் கேட்டார். பிறகு அவரே, போகட்டும், பிள்ளை முடியை எந்தக் குடிகாரனும் விற்கமுடியாது என்றார்.

முடிச்சை மலைச்சாமியிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. சின்னம்மாவைப் பார்த்தான். அவள் கடலைப் பார்த்தாள்.

"என் பிள்ளையோட முதல் முடி," என்றேன். "ஊர்க்காரங்க யார்கிட்டயும் குடுக்கக் கூடாது. நீயே ஊருக்குப் போய் எங்க அம்மா கையில குடு. அப்பா பை என்னாச்சுன்னும் நீயே சொல்லு."

"திட்டுவாங்கக்கா," என்றான்.

"திட்டட்டும்," என்றேன்.

இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டான். "சொல்லிர்றேன்க்கா," என்றான். அவ்வளவுதான். கப்பல் ஊதிவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் லைனில் ஒரே அமைதி. சின்னம்மா குழாயடிக்கு வருவாள், தண்ணீர் பிடிப்பாள், போய்விடுவாள். திட்டுவதற்கு ஆள் இல்லை, ஆள் இருக்கிறானா என்றும் தெரியவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று காக்கா என்னிடம் விசாரித்தார். இரண்டு நாளாக அவள் டீக்கடையில் சர்க்கரையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையாம். மேஸ்திரி வேலை முடிந்து வரும்போதெல்லாம் தபாலாபீஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். சும்மா நடக்கிறேன் என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பிள்ளை முடி போனால் தெய்வக் குத்தம் ஆகுமே என்ற பயம் பாதி. மீதிப் பாதி அந்த ஆறடி மனுஷனைப் பற்றியது.

அவன் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தான், அதே படகில் இஞ்சின் ஓட்டினான். சாய்ப்பிலிருந்து வீட்டுக்குள் போவதற்கு மேஸ்திரியே கதவைத் திறந்துவிட்டார். ஆனால் எனக்கு அவன் திரும்பி வந்தது அதற்கு முன்பே, அந்த மூன்று வாரம் முடிந்து அம்மாவின் கடிதம் வந்த அன்றுதான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே சின்னம்மாவிடம் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள், கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உரக்கப் படித்தேன்.

மலைச்சாமி வந்தான், பிள்ளை முடியைப் பத்திரமாகக் கொடுத்தான் என்று அம்மா எழுதியிருந்தாள். உட்காரச் சொன்னாளாம், உட்காரவில்லையாம். உன் அப்பா பையைத் தொலைத்தவன் நான்தான் என்று அவனாகவே சொன்னானாம். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை மகளே, வாசலில் நிற்கவைத்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன், தெருவே கூடிவிட்டது, அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், திட்டி முடித்துவிட்டு நானும் அழுதேன் என்று இருந்தது. பிறகு சோறு போட்டாளாம். மறுநாள் அய்யனார் கோயிலுக்குக் கூடவே வந்து முடியைச் செலுத்திவிட்டுத்தான் மெட்ராசுக்கு ரயிலேறினானாம்.

படித்து முடித்து நிமிர்ந்தேன். சின்னம்மா சந்தோஷத்தில் அழுவாள் என்று நினைத்திருந்தேன். கண்ணில் தண்ணீர் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முகம் சிவந்து போயிருந்தது.

"வாசல்ல நிக்க வச்சா திட்டுனாங்க?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க சின்னம்மா."

"தெரு கூடுற அளவுக்கா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. கடிதத்தை மடித்து அவள் மடியில் வைத்தேன். அவள் அதை எடுத்து, கண்ணில் ஒற்றி, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். எனக்கு வந்த கடிதம் என்பதே அவளுக்கு நினைவில்லை. பிறகு முறத்தை இழுத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

"உங்க அம்மாவுக்கு எழுதுறப்ப நான் சொன்னேன்னு எழுது தாயி," என்றாள். "ஒரு தடவ திட்டிட்டாங்க, போகட்டும். இனிமே எம்பிள்ளையத் திட்டணும்னா எனக்குச் சொல்லிவிடச் சொல்லு. நான் திட்டிக்கிறேன்."